வாழ்நாளைக் குறைக்கும் வழக்கங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் நாடகமும் முழங்கிப் பழகிய இம்மேடையில், நோயைப் பற்றியும் அகால மரணத்தைப் பற்றியும் பேசப் புகுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். நாம் மருத்துவரும் அல்லோம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் கூட்டத்தைச் சேர்ந்தோம். ஆயினும் இப்பொருளைப் பற்றி நன்கு ஆராய்ந்த அறிஞர் பலர், நம்மைப் போன்ற எழுத்தர்களையும் தபால்காரர்களையும் பஸ் ஊழியர்களையும் ரயில்வேக்காரர்களையும் கொண்டே தம் முடிவுகளைக் கண்டனர். அவர்கள் கண்டதை நாம் அறிந்துகொள்ளாமல் இருப்பது முறையன்று.

முற்காலத்தில் நோய் என்றால் காலரா, பிளேக், பெரியம்மை என்ற பெயர்களே நினைவுக்கு வரும். இவை ஊரையே வாரிக்கொண்டு போயின. தடுப்பூசியும் தூய குடிநீரும் வந்த பின் அந்நிலை மாறிற்று. பெரியம்மை 1975 ஆம் ஆண்டோடு நம் நாட்டை விட்டே நீங்கியது. ஆனால் ஒரு வாயிலை அடைத்தால் மற்றொரு வாயில் திறக்கின்றது. 1990 ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்த நூறு மரணங்களில் ஏறத்தாழ 38 மரணங்களே மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நேர்ந்தவை. 2016 ஆம் ஆண்டிலோ அவை ஏறத்தாழ 62 ஆகிவிட்டன. இந்நோய்கள் பக்கத்து வீட்டிலிருந்து காற்றில் பறந்து வருவன அல்ல. நாம் உண்ணும் உணவிலும், உட்காரும் நாற்காலியிலும், உறங்கும் நேரத்திலும், மனத்தில் சுமக்கும் கவலையிலும், பேச ஆளின்றித் தனித்திருக்கும் மாலைப் பொழுதிலும் பையப் பைய வளர்வன.

ஓய்வுக்காலப் பணக் கணக்குப் பிரிவில் நம் மேசைக்கு வரும் கோப்புகள் இரு வகை. பணிக்காலம் முடிந்து மாலையுடன் வீடு சென்றவரின் கோப்பு ஒன்று. பணியில் இருக்கையிலேயே இறந்தவரின் கோப்பு மற்றொன்று. இரண்டாம் வகைக் கோப்பில் வயது என்ற கட்டத்தில் 44 என்றும் 48 என்றும் எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகின்றது. ஏனெனில் அக்கோப்போடு முடிவது ஓர் உயிர் மட்டுமன்று. குறித்த காலத்திற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இங்கேயே பிறந்து இந்தியில் பாடம் படித்த பிள்ளைகள், விடுமுறைக்கு மட்டுமே பார்த்த ஊருக்குத் திரும்ப நேர்கின்றது. அஞ்சல் அலுவலகப் படிவத்தையும் தனியே நிரப்பியறியாத தாய், வேலைக்கான மனுவோடு அலுவலகப் படிகளில் நிற்கின்றார். சொந்த ஊரில் இருப்போர்க்கு அண்ணன் உண்டு, மாமன் உண்டு, பங்காளி உண்டு. நமக்கு இந்த நாகபுரியில் யார் உண்டு? ஆகவேதான் அகால மரணம் என்பது, பிழைப்பைத் தேடி வெளியூர் வந்த குடும்பங்களுக்கு இரட்டைச் சுமை என்கிறோம்.

இனி, அறிஞர் கண்டவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, உட்கார்ந்தே இருத்தல். லண்டன் மாநகரில் ஓடிய மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். கண்டக்டரோ சீட்டு வழங்குவதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே நிலை. ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவர்களை ஆராய்ந்து 1953 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். இதய நோய் டிரைவர்களை விடக் கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தாலும் அதன் கடுமை குறைந்திருந்தது. நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும், நாற்காலியில் அமர்ந்து பணி செய்த எழுத்தர்களுக்கும் இடையே அதே வேறுபாடு காணப்பட்டது. டிரைவர் வேலைக்கு வந்தவர்கள் தொடக்கத்திலேயே பருத்த இடையினராக இருந்தனரோ என்ற கேள்வியையும் அவ்வறிஞர் விட்டுவிடவில்லை. சீருடைக்கு எடுத்த அளவுக் கணக்குகளை வாங்கிப் பார்த்து, அவ்வேறுபாடும் ஓரளவு உண்டென்பதை அவரே எடுத்துரைத்தார். பின்னர் வேறு பல நாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளும் உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதை உறுதி செய்தன. நம் காலனியில் கேங்மேன் வேலை பார்த்தவர் தண்டவாளத்தின் மேல் நாள்தோறும் மைல் கணக்கில் நடந்தார். அவர் மகன் படித்து எழுத்தராகி, அலுவலகத்துக்கும் ஸ்கூட்டரில் செல்கின்றார். கறிவேப்பிலை வாங்கவும் ஸ்கூட்டரில் செல்கின்றார். பதவி உயர்ந்தது, நடை நின்றது.

இரண்டாவது, புகையிலை. இங்கிலாந்து நாட்டு மருத்துவர்களையே கொண்டு 1951 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். அது ஐம்பது ஆண்டுகள் நடந்தது. 2004 ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாதெனில், இடைவிடாது சிகரெட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தனர் என்பதாம். முப்பது வயதில் நிறுத்தியவர் அப்பத்தாண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாக மீட்டார். நாற்பதில் நிறுத்தியவர் ஒன்பதையும், ஐம்பதில் நிறுத்தியவர் ஆறையும் மீட்டனர். "இனி நிறுத்தி என்ன பயன்?" என்று கேட்கும் நண்பர்கள் இக்கணக்கை மனத்தில் இருத்துதல் வேண்டும். சிகரெட்டைத் தொடாத நம் பெரியோர் சிலர் வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து மெல்லுகின்றனர். இளைஞர்களோ இவ்வூர் வழக்கப்படி கர்ராவைக் கைக்கொள்கின்றனர். புகை இல்லை என்பதால் தீங்கு இல்லை என்று எண்ணற்க. புகையிலை கலவாத கொட்டைப்பாக்கே புற்றுநோயை விளைவிக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது.

மூன்றாவது, உணவு. இவ்விடத்தில் நம் இந்திய ரயில்வேயைப் பற்றிய செய்தி ஒன்றுண்டு. மேற்கு ரயில்வேயில் மருத்துவ அதிகாரியாக விளங்கிய எஸ். எல். மல்ஹோத்ரா என்பவர், நாடெங்கும் பரவிய ரயில்வே ஊழியர்களின் மரணக் கணக்குகளை ஆராய்ந்து 1967 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதய நோயால் இறந்தோர் விகிதம் வடக்கைக் காட்டிலும் தெற்கே ஏறத்தாழ ஏழு மடங்கு என்று அதில் கண்டார். தெற்கத்தியர் இளைய வயதிலேயே இறந்தனர் என்றும் கண்டார். வியப்பு யாதெனில், வடவர் உண்ட கொழுப்பு தெற்கத்தியர் உண்டதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி என்பதே. கொழுப்பின் வகையிலும் உண்ணும் முறையிலும் காரணம் இருக்கலாம் என அவர் கருதினார். இதைக் கேட்டதும், "நெய்யே மருந்து" என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டா. மரணக் குறிப்புகளை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ இயலாது. நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு: மாமிசம் உண்ணோம், நெய் மிகுதியாகச் சேர்க்கோம் என்பதனாலேயே நமக்கு மாரடைப்பு வாராது என்னும் இறுமாப்புக்கு இடமில்லை.

நம் இலையை நாமே நோக்குவோம். குவிந்த வெண்சோறு, அதன்மேல் சாம்பார், ரசம், மோர் என்று மும்முறை சோறு. காய்கறியோ ஒரு கரண்டி. அப்பளம், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய் ஆகிய அனைத்தும் உப்பில் ஊறியவை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அஃது ஒரு சிறு கரண்டி அளவே. சர்க்கரை கலந்த காப்பி நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வொன்று 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல். அதன் வாயிற்படியில் நிற்போர் 13 கோடிக்கும் மேல். ஆரஞ்சுப் பழத்துக்குப் பெயர்போன ஊரில் குடியிருந்தும், பழத்தை நோயாளிக்கு வாங்கிச் செல்லும் பொருளாகவே நாம் கருதி வருகின்றோம்.

நான்காவது, மனமும் பதவியும். லண்டனில் ஒயிட்ஹால் எனப்படும் அரசாங்க அலுவலகப் பகுதியில், 1967 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, மைக்கேல் மார்மட் முதலிய அறிஞர் ஆராய்ந்தனர். இவ்வூழியர் எவரும் வறியவர் அல்லர். அனைவர்க்கும் நிலையான உத்தியோகம். மருத்துவ வசதியும் உண்டு. அப்படியிருந்தும், உயர்ந்த நிலை அதிகாரிகளை விட, தூதர், வாயிற்காவலர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் மூன்றரை மடங்குக்கும் மேல் என்று 1978 ஆம் ஆண்டில் தெரியவந்தது. கடைநிலையார் புகை மிகுதியாகப் பிடித்தனர் என்பது உண்மையே. ஆனால் புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவை இவ்வேறுபாட்டில் பாதியைக்கூட விளக்கவில்லை. ஏணியில் ஒவ்வொரு படி இறங்க இறங்கச் சாவும் ஒவ்வொரு படி நெருங்கி வந்தது. 1985 ஆம் ஆண்டில் ஆண் பெண் இருபாலாருமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவரைக் கொண்டு இரண்டாம் ஆராய்ச்சி தொடங்கிற்று. தன் வேலையைத் தானே திட்டமிட்டுச் செய்யும் உரிமை யாருக்குக் குறைவாக இருந்ததோ அவருக்கு இதய நோய் மிகுதியாக வந்தது என்பதை அது காட்டிற்று.

அன்பர்களே, இதனை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். பெரிய அதிகாரிக்குத்தான் பொறுப்பு மிகுதி, கவலை மிகுதி, ஆகவே மாரடைப்பும் அவருக்கே என்று நாம் எண்ணி வந்தோம். உண்மை அதுவன்று. பொறுப்பு மட்டும் மனிதனை வாட்டுவதில்லை. கை கட்டப்பட்ட நிலையில் சுமத்தப்படும் பொறுப்பே வாட்டுகின்றது. விடுப்பு கேட்டால் கிடைக்குமா என்று தெரியாது; எந்நேரத்தில் டூட்டி என்று நிச்சயமில்லை; தவறு நேர்ந்தால் மெமோ தமக்கே வரும். இவ்வாறு நாள்தோறும் நெஞ்சைச் சுருக்கிக்கொண்டு வாழ்பவரின் உடலில் இரத்த அழுத்தம் உயர்கின்றது, உறக்கம் கெடுகின்றது. இரவு டூட்டியின் தீங்கும் அறியப்பட்டதே. உடலின் நாட்கணக்கைக் குலைக்கும் இரவுப்பணி, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று மேற்சொன்ன புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் அறிவித்து, 2019 ஆம் ஆண்டில் மீண்டும் வலியுறுத்திற்று. இரவு முழுதும் விழித்து வந்த பாயிண்ட்ஸ்மேன் பகலில் உறங்கும்போது, அவர் வீட்டு வாயிலில் நாம் ஒலிபெருக்கி கட்டி விழாக் கொண்டாடுவது எவ்வகையில் நியாயம்?

ஐந்தாவது, தனிமை. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் அலமேடா என்றொரு மாவட்டம் உண்டு. அங்கு 1965 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 பேரிடம், திருமணம் உண்டா, உற்றார் நண்பர்களைக் காண்பதுண்டா, கோவிலிலோ சங்கத்திலோ சேர்ந்திருக்கின்றீரா என்று வினவினர். அவர்களுள் முப்பது முதல் அறுபத்தொன்பது வயதுக்கு உட்பட்டோரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். உறவும் நட்பும் மிகக் குறைந்தவர்கள், மிக நிறைந்தவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இறந்தனர் என்று பெர்க்மன், சைம் ஆகிய இருவர் 1979 ஆம் ஆண்டில் எழுதினர். புகை, குடி, உடற்பருமன் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பின்னும் வேறுபாடு நின்றது. பின்னர், 148 ஆராய்ச்சிகளை ஒருங்கே கூட்டி 2010 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையும் இதனையே உறுதிப்படுத்திற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஜப்பானியரைப் பற்றியது. ஜப்பானில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஹவாய்த் தீவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அதனினும் மிகுதி. கலிபோர்னியாவுக்குச் சென்றவர்களுக்கு மிக மிகுதி. குருதி ஒன்றே, ஊர் மாறிற்று, நோயும் மாறிற்று. ஆனால் கலிபோர்னியாவிலேயே தம் மக்களோடு கூடி, தம் வழக்கங்களை விடாது வாழ்ந்த ஜப்பானியருக்கு நோய் குறைவாகவே இருந்தது என்று மார்மட், சைம் இருவரும் 1976 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். உணவு வேறுபாட்டால் மட்டும் இதனை விளக்க முடியவில்லை. பிழைப்பைத் தேடி வெளியூர் சென்ற மக்களுக்குக் கூட்டுறவே ஒருவகைக் கவசம் என்பது இதனால் விளங்கும்.

52 நாடுகளில் நடந்து 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று முதல் மாரடைப்புக்கான காரணங்களைத் தொகுத்தது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனச்சுமை, பழமும் காய்கறியும் குறைதல், உடலுழைப்பின்மை முதலிய ஒன்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அடங்கிவிடும் என்று அது கண்டது. தென்னாசிய மக்களுக்கு மற்றவரை விட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே முதல் மாரடைப்பு வருகின்றது என்பதும் அதன் கணக்குகளிலிருந்து பின்னர் வெளியாயிற்று. மனச்சுமையும் அவ்வொன்பதில் ஒன்றாக இடம்பெற்றது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நோயுற்றவர் வீட்டில் அமர்ந்துகொண்டு, "நடக்கவில்லை, வாயைக் கட்டவில்லை, தாமே வரவழைத்துக் கொண்டார்" என்று பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது கொடுமை. இருமுறை டூட்டி பார்த்தவருக்கு நடக்க நேரம் ஏது? கடன் தவணை கழித்துச் சம்பளம் வாங்குபவருக்குப் பழம் வாங்கப் பணம் ஏது? வழக்கம் என்பது தனி மனிதனுடையது போலத் தோன்றினும், அதனை ஆக்குவது சூழ்நிலை. அச்சூழ்நிலையில் ஒரு பகுதி நம் சங்கத்தின் கையில் இருக்கின்றது. ஆதலால் சில வேண்டுகோள்களை அவை முன் வைக்கின்றோம்.

ஒன்று: மாதந்தோறும் முதல் ஞாயிறன்று சங்கக் கூடத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். நம் உறுப்பினருள் மருத்துவரும் செவிலியரும் உளர். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் வர வேண்டும். தாய்மார்கள் முதலில் வர வேண்டும். கணவர்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தாய்மார் தம் தலைச்சுற்றலை வெயிலின் மேல் ஏற்றிவிடுவது இனியும் கூடாது.

இரண்டு: காலையில் ஒரு குழுவும் மாலையில் ஒரு குழுவும் காலனியைச் சுற்றி அரைமணி நேரம் நடக்க வேண்டும். இவ்வூர்க் கோடையின் கடுமையை யாவரும் அறிவோம். அம்மாதங்களில் கதிரவன் எழுமுன் நடக்கலாம். தனியே நடப்பவர் பத்தாம் நாள் நிறுத்துவார். கூடி நடப்பவரை அடுத்த வீட்டார் வந்து அழைப்பார்.

மூன்று: பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் நாம் அளிக்கும் விருந்தில் இனிப்பு ஒன்று போதும், காய்கறி இரண்டாகட்டும். தாம்பூலப் பையில் பாக்குக்குப் பதிலாக ஆரஞ்சுப் பழம் வைப்போம். வெற்றிலையும் மஞ்சளும் இருக்க, மங்கலம் எவ்வகையிலும் குறையாது.

நான்கு: காலனியை வரிசை வரிசையாகப் பிரித்து, வரிசைக்கு இருவர் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை வீடுதோறும் சென்று வர வேண்டும். மாற்றலாகிப் புதிதாய் வந்தவர், துணையை இழந்தவர், ஊரிலிருந்து மகனோடு வந்து மொழி தெரியாமல் பால்கனியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஆகியோரை முதலில் காண வேண்டும். சந்தா கேட்கப் போவதாக இது இருக்கலாகாது. ஒரு குவளை மோர் அருந்தி, ஒரு நாழிகை பேசிவிட்டு வருதலே பணி.

ஐந்தாவது வேண்டுகோள் சற்றுக் கசப்பானது, பொறுத்தருள்க. நம் விழாக்களில் முதல் வரிசை அதிகாரிகளுக்கு, இரண்டாம் வரிசை மேற்பார்வையாளர்களுக்கு, அதன் பின் எழுத்தர்களுக்கு என்று நாற்காலிகள் தாமே அமைந்துவிடுகின்றன. டிராக்மேன் வீட்டாரும் காலாசி வீட்டாரும் தூணோரம் நின்று நிகழ்ச்சி பார்த்துவிட்டு, உணவு நேரத்திற்கு முன்பே சென்றுவிடுகின்றனர். அலுவலக ஏணியை மாற்றும் வலிமை நமக்கு இல்லை. அந்த ஏணியைச் சங்கக் கூடத்துக்குள்ளும் தூக்கிவந்து சாத்தி வைக்க வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை. கூட்டுறவு உயிரைக் காக்கும் என்பது உண்மையானால், அக்காப்பு எவருக்கு மிகவும் வேண்டுமோ அவரே வெளியில் நிற்கின்றார். வரும் ஆண்டு விழாவில் நாற்காலிகளுக்கு வரிசை முறை வேண்டா. முன்னே வந்தவர் முன்னே அமரட்டும். செயற்குழுவிலும் அவ்வீட்டாருக்கு இருவரேனும் இடம் பெறட்டும்.

நம் முன்னோர் தமிழைக் காக்கவும் பண்டிகைகளைக் கொண்டாடவும் இச்சங்கத்தை நிறுவினர். அத்தமிழைப் பேசும் வாய்கள் நெடுங்காலம் நிலைத்திருப்பதும் சங்கத்தின் பணியே ஆகும். மேற்கூறிய ஐந்தில் எவ்வொன்றுக்கும் பெரும் பொருள் தேவையில்லை. முதல் ஞாயிறு வெகுதூரத்திலும் இல்லை. பொறுப்பேற்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். குறிப்பேடும் பேனாவும் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன.